துக்க வீட்டில் ஒரு ‘வாரேன்’

மணிமாறன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது “வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். கல்யாணமான புதிதில் பானுப்ரியா போட்ட சட்டம் அது. ஒருநாள் காலை ஏதோ அவசரத்தில், கேமரா பையைத் தோளில் மாட்டியபடி, “போறேன் பானு” என்று சொல்லிவிட்டான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து, அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, நாற்காலியில் உட்கார வைத்தாள். செம்பில் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னாள்.

“இப்பச் சொல்லு.”

“என்னத்தச் சொல்ல?”

“போறேன்னு சொல்லிட்டுப் போறவுக திரும்பி வாறதில்ல. வாரேன்னு சொல்லு.”

சொன்னான். அதன்பிறகு சொல்லாமல் போனதே இல்லை. சில நாட்களில் பாதிப் படி இறங்கியவன் ஞாபகம் வந்து திரும்ப ஏறி வந்து சொல்லிவிட்டுப் போவான். திண்டுக்கல் பேகம்பூரில் சபிஹா அக்கா வீட்டு மாடியில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். கீழே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் சபிஹா அக்கா, வாரேன் என்று சொல்வதற்காகவே திரும்பி வருகிற ஆளை இப்போதுதான் பார்ப்பதாகக் கேலி செய்வாள்.

இருவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, காதலித்து, இரண்டு வீட்டாரையும் சம்மதிக்க வைத்துக் கட்டிக்கொண்டவர்கள். நாலு பேர் முன்னால் அவனிடம் ‘ங்க’ போட்டுப் பேசுவாள். மாடியின் இரண்டு அறைகளுக்குள் நீ, வா, போதான்.

மணிமாறன் சென்னைச் செய்திச் சேனல் ஒன்றுக்குத் திண்டுக்கல் செய்தியாளன். மாதச் சம்பளம் கிடையாது. அனுப்பும் செய்தி சேனலில் ஓடினால்தான் காசு. சின்ன வெங்காயம் விலை சரிந்ததை அனுப்புவான், வறண்ட குடகனாற்றை அனுப்புவான், தோல் பட்டறைத் தண்ணீர் கிணற்றில் இறங்கியதை அனுப்புவான். பெரும்பாலும் ஓடாது. தலைவர் இளங்கதிர் திண்டுக்கல் பக்கம் வந்தால் மட்டும் சென்னையிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும்.

இளங்கதிர் நாற்பதைத் தாண்டாத கட்சித் தலைவர். அழகான மனிதர். அவர் கார் கண்ணாடியை இறக்கினால் செய்தி, ஏற்றினால் செய்தி. போன தடவை வந்தபோது அவர் பிரியாணி சாப்பிட்டு முடித்து இலையை எந்தப் பக்கம் மடித்தார் என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. அந்தப் படத்தை எடுத்தவன் மணிமாறன்தான்.

“அவரு பல்லு வெளக்குனத ஏன் எடுக்காம விட்ட?” என்று பானு கேட்டாள்.

“வெளக்கலையாம். அதான் நாளைக்குத் தலைப்புச் செய்தி” என்றான் அவன். இருவரும் சிரித்துச் சிரித்து, சாதம் குழைந்துபோனது கூடத் தெரியவில்லை. அப்போது அது அவர்களுக்குச் சிரிக்கிற விஷயமாக இருந்தது.

பானுவின் தங்கை தமிழ்மதி இறந்தது அந்த ஆடி மாதத்தில்.

வேடசந்தூருக்கு அந்தப் பக்கம் நல்லமரத்துப்பட்டியில் அம்மா அய்யம்மாளும் தமிழ்மதியும் இருந்தார்கள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா சம்பங்கித் தோட்டத்தில் பூப்பறிக்கப் போவாள். தமிழ்மதி நூல் மில்லுக்குப் போனாள். மில் பஸ் விடியலில் வந்து வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். அந்த பஸ்ஸின் கதவுக் கொண்டி உடைந்து பல மாதம் ஆகியிருந்தது. சரிசெய்யச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டுப் பார்த்தார்கள். டிரைவர் ஒரு நைலான் கயிற்றைக் கொடுத்தார். கதவை இழுத்து மூடிக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். தமிழ்மதிதான் இறுக்கமாகக் கட்டுவாள் என்று அவளைக் கதவோரத்து சீட்டில் உட்கார வைத்தார்கள்.

ஒரு சாயங்காலம் தரைப்பாலத்துத் திருப்பத்தில் கயிறு அறுந்தது. கதவு திறந்துகொண்டது. தமிழ்மதி விழுந்தாள்.

படியில் நின்று செல்போன் பேசியதால் தவறி விழுந்தார் என்று மில் தரப்பில் சொன்னார்கள். பேப்பரில் கடைசிப் பக்கத்தில் அப்படியே வந்தது. ஊருக்கு அது போதுமாக இருந்தது. யாரிடம் பேசினாள், எவன் அவன், எத்தனை நாளாக என்று கேள்விகள் முளைத்தன. எழவுக்கு வந்த ஒரு சொந்தக்காரி அய்யம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைக் கொஞ்சம் கண்டித்து வைத்திருக்கலாம் என்று அழுதாள்.

தமிழ்மதியோடு வேலை பார்த்த லிடியாதான் உண்மையைச் சொன்னாள். போன் தூக்குவாளிப் பைக்குள், சீட்டுக்கடியில் இருந்ததாம். இன்னொன்றும் அவளிடம் இருந்தது. விளையாட்டாக அவளே செல்போனில் எடுத்த ஒரு வீடியோ. அதில் தமிழ்மதி கதவில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடுகிறாள். பிள்ளைகள் குலவை போடுகிறார்கள். “மூணு முடிச்சும் போட்டாச்சு. இனி இந்தக் கதவு என்னைய விட்டு எங்கிட்டும் போகாதுடி” என்று தமிழ்மதி திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

பானு அந்த வீடியோவை மணிமாறனுக்கு அனுப்பினாள். அவன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கொழுந்தியாள் என்றாலும் அவன் மடியில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்யாத குறையாக வளர்ந்தவள் அவள்; பிளஸ் டூ தேர்வுக்கு அவன்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தான்.

“இத நான் போட வைக்கிறேன் பானு. தமிழு மேல வந்த பேச்சு அம்புட்டும் போயிரும்” என்றான்.

சென்னையில் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மில் தரப்பு விளக்கம் வேண்டும், சட்டச் சிக்கல் வரும், பார்க்கலாம் என்றார்கள். அந்தப் ‘பார்க்கலாம்’ நாலைந்து நாள் நீண்டது. அப்போதுதான் இளங்கதிர் கரூர்ப் பக்கம் போகும் வழியில் நல்லமரத்துப்பட்டிக்கு வந்து துக்கம் விசாரிக்கப் போவதாகச் செய்தி வந்தது.

மணிமாறனுக்கு அது சாமி கொடுத்த வரமாகத் தெரிந்தது. பானுவுக்கும்தான். அவர் வந்தால் எல்லாச் சேனலும் வரும். அவர் முன்னால் அம்மா கதவைப் பற்றிச் சொன்னால் தமிழ்நாடே கேட்கும். பிறகு மில்காரர்கள் சொன்ன கதை எங்கே நிற்கும்?

அவர் வந்த நாளில் காலையிலிருந்தே தொலைக்காட்சியில் நேரலை. தலைவரின் கார் தாடிக்கொம்பைக் கடந்தது. தலைவர் வழியில் இளநீர் குடித்தார். தலைவர் வெள்ளைச் சட்டை அணிந்திருக்கிறார், இது துக்கத்தின் அடையாளமா என்று ஒரு பெண் கேட்டாள். ஊருக்குள் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல் முகப்பில் இளங்கதிரின் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. அதன் கீழே, மூலையில், தமிழ்மதியின் பாஸ்போர்ட் சைஸ் படம்.

வீட்டுக்குள் எந்தச் சேனலையும் கட்சிக்காரர்கள் விடவில்லை. மணிமாறன் வீட்டு மருமகன் என்பதால் உள்ளே இருந்தான். சட்டைப் பித்தான் அளவு இருந்த ஒரு மைக்கை எடுத்து அய்யம்மாளின் சேலை ஓரத்தில் மாட்டினான். அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“பயப்படாதீங்க அத்த. இதுல பேசுனா ஊருக்கே கேக்கும். அந்தக் கதவப் பத்தி மட்டும் சொல்லிருங்க” என்றான்.

“சொல்றேன் மாப்ள. மறக்காமச் சொல்றேன்.”

இளங்கதிர் குனிந்து வாசல் நிலையைத் தாண்டி வந்தார். கூடவே முப்பது பேர் நுழைந்தார்கள். பெண்கள் சுவரோரமாக நெருக்கித் தள்ளப்பட்டார்கள். பானு அடுப்படி நிலையில் மாட்டிக்கொண்டாள். அம்மாவின் தலை மட்டும் தெரிந்தது. இளங்கதிர் பாயில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசினார்கள். வெளியே தொண்டர்கள் போட்ட கோஷத்தில் எதுவும் விளங்கவில்லை. அவர் எழுந்தபோது கோஷம் ஒரு நொடி அடங்கியது. அந்த ஒரு நொடியில் பானுவுக்குக் கேட்டது இவ்வளவுதான்:

“…வாரேம்மா.”

“போயிட்டு வாங்கய்யா.”

பானுவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள் முகவாயில் கை வைத்தாள். துக்க வீட்டில் வந்தவர் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். வாரேன் என்றால், இன்னொரு துக்கத்துக்கு வருகிறேன் என்று அர்த்தம். வீட்டுக்காரர்கள் வாங்க என்று சொன்னால் இன்னும் மோசம். அது எழவைக் கூப்பிடுவது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்த வழக்கம் அது.

கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, சாயங்காலம், மணிமாறன் வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து நின்றான். பானு அவனுக்குக் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அழுது அழுது ஓய்ந்த உடம்புக்கு எதையாவது பேசிச் சிரிக்க வேண்டும்போல இருக்கும். அப்படி ஒரு நேரம் அது.

“மாறா, அம்மா என்ன செஞ்சுச்சு தெரியுமா? அவரு வாரேங்குறாரு, இது போயிட்டு வாங்கங்குது. பூ வாங்க வந்த ஆளுன்னு நெனச்சுருச்சு போல.” சொல்லும்போதே சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. “வாய்ப் பழக்கம், பாவம். யாருகிட்டயும் சொல்லிறாத.”

அவன் சிரிக்கவில்லை.

“அத்த அப்படியா சொன்னாங்க?”

“ம்.”

“அவரு வாரேன்னாரா? நல்லாக் கேட்டியா?”

“கேட்டேன்.”

காப்பி டம்ளரை அவள் கையில் பாதியோடு திருப்பிக் கொடுத்தான். “செத்த நேரத்துல வாரேன்” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். துக்க வீட்டு வாசலில் நின்று அவனும் அதையே சொன்னது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. அவன் சொல்கிற ‘வாரேன்’ அவள் காதுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

மறுநாள் விடிந்தபோது அது எல்லார் செல்போனிலும் வந்துவிட்டது. முதலில் மணிமாறனின் சேனலில், ‘பிரத்யேகம்’ என்ற சிவப்புப் பட்டையோடு. இளங்கதிரின் குரல்: வாரேம்மா. அய்யம்மாளின் குரல்: போயிட்டு வாங்கய்யா. கீழே பெரிய எழுத்தில், துக்க வீட்டில் தலைவர் சொன்ன அந்த வார்த்தை. அந்த இரண்டு குரல்களையும் மறுபடி மறுபடி ஓட்டினார்கள். மத்தியானத்துக்குள் மற்றச் சேனல்களும் பிடித்துக்கொண்டன.

இளங்கதிருக்குத் தமிழர் பண்பாடு தெரியவில்லை என்றார் எதிர்க்கட்சிக்காரர். எங்கள் தலைவர் மூடநம்பிக்கைக்கு அப்பாற்பட்டவர் என்றார் அவர் கட்சிக்காரர். அவருக்கு அடுத்த மாதம் கண்டம் இருப்பதாக ஒரு ஜோசியர் சொன்னார். நாட்டுப்புறவியல் பேராசிரியர் ஒருவர் துக்க வீட்டு வழக்கங்களை மாவட்ட வாரியாக விளக்கினார். இரண்டாம் நாள் இளங்கதிர் அதைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் புன்னகை செய்தார். மூன்றாம் நாள் அந்தப் புன்னகைக்கு என்ன அர்த்தம் என்று விவாதித்தார்கள். அந்த வீட்டில் யார் இறந்தது, எப்படி இறந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சேனலில் மட்டும், ‘தவறி விழுந்து இறந்த பெண்ணின் வீட்டில்’ என்று ஒரு வரி வந்தது.

பானு அவனிடம் கேட்டாள். யாரிடமும் சொல்லாதே என்றதை எப்படிச் செய்தியாக்கினாய் என்றாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, தான் ஒன்றும் செய்யவில்லை என்றான். மெமரி கார்டில் பதிவாகி இருந்ததை முழுசாக அனுப்பினானாம். சென்னையில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். கதவைப் பற்றி அம்மா பேசியது எங்கே என்று கேட்டாள். சத்தத்தில் பதிவாகவில்லை என்றான்.

அவள் நம்பினாள். ஐந்து வருஷம் கூட வாழ்ந்தவனை நம்பாமல் இருப்பதற்குத்தான் காரணம் வேண்டும். நம்புவதற்கு எதுவும் வேண்டாம்.

ஊர் அய்யம்மாளை விட்டுவைக்கவில்லை. டீக்கடையில் எவனோ அவள் குரலை ரிங்டோனாக வைத்திருந்தான். போன் அடிக்கும்போதெல்லாம் “போயிட்டு வாங்கய்யா” என்று அது கூப்பிட்டது. அந்த வாரத்தில் கீழத்தெருவில் ஒரு வயதானவர் இறந்துபோனார். படுக்கையில் இரண்டு வருஷம் கிடந்தவர்தான். ஆனாலும், வாங்க என்று கூப்பிட்டால் வராமல் இருக்குமா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தமிழ்மதியின் காரியத்துக்கு வர வேண்டிய சொந்தங்களில் பாதிப் பேர் வரவில்லை. சம்பங்கித் தோட்டத்துக்காரர் ஆள் அனுப்பினார்: பூ கோயிலுக்குப் போவது, கொஞ்ச நாள் வர வேண்டாம்.

கட்சிக்காரர்களும் வந்தார்கள். வெள்ளை வேட்டியில் மூன்று பேர். அம்மா முதலில் ‘வாங்க’ என்று சொன்னதால்தான் தலைவர் மரியாதைக்குப் பதில் சொன்னார் என்று கேமரா முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். அய்யம்மாள் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“வண்டியப் பாத்தாரா?” என்று கேட்டாள்.

அவர்களுக்குப் புரியவில்லை. எந்த வண்டி என்று கேட்டார்கள். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர்கள் பந்தல் கம்புகளை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அம்மா கேட்ட அந்தக் கேள்வி பானுவின் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. காரியம் முடிந்த மறுநாள், அம்மா முற்றத்தில் உட்கார்ந்து தமிழ்மதியின் சுடிதார்களை மடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஏம்மா, அன்னைக்கு அவர்கிட்ட எந்த வண்டியப் பாக்கச் சொன்ன?”

“எந்த வண்டிய? மில்லு வண்டியத்தேன்.” அய்யம்மாள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மாப்ள சொல்லச் சொன்னாருல்ல, சொன்னேன். என் மக போன் பேசி விழுகலய்யா, கதவுக்குக் கொண்டி இல்லாம கயிறு கட்டிருக்காக, கயித்த அவுத்துப்புட்டு புதுக் கொண்டி மாட்டுறதுக்குள்ள போயி ஒரு எட்டு அந்த வண்டியப் பாருங்கய்யான்னு சொன்னேன். வேடசந்தூர் ரோட்டுலதான நிக்கிது, இப்பவே போய்ப் பாத்துட்டு வாரேம்மான்னாரு. சரி, போயிட்டு வாங்கய்யான்னேன்.”

பானு அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைப் பிடித்துக்கொண்டாள்.

“இத ஏன்மா இத்தன நாளாச் சொல்லல?”

“ஏன் அப்படிச் சொன்னேன்னு அம்புட்டுப் பேரும் ஏசுனாக. என்ன சொன்னேன்னு யாரு கேட்டா? நீ கேட்டியா?” ஒரு துப்பட்டாவை எடுத்து உதறினாள். “சாவு வீட்டுல என்ன பேசணும்னு எனக்குத் தெரியாதா? உங்கப்பன் செத்தப்ப இதே வாசல்ல இருந்துதான் நூறு பேரு பேசாமப் போனாக. வண்டியப் பாத்துட்டு வந்து அவரு நாலு பேருக்கு முன்னால உண்மையச் சொல்லுவாருன்னு இருந்தேன். வரல. பெரிய மனுசருக்கு ஆயிரம் சோலி.”

அவருக்கு ஆயிரம் சோலி. அவர் வராததில் பானுவுக்கு ஆச்சரியமில்லை. அவள் நினைவு வேறொன்றில் நின்றது. அம்மா சொன்னதெல்லாம் ஒரே மூச்சில் சொன்னது. ‘வாரேம்மா’ என்பது பதிவாகியிருந்தால் அதற்கு முந்தின வார்த்தையும் பதிவாகியிருக்க வேண்டும். சேலை ஓரத்தில், வாய்க்கு ஒரு சாண் கீழே, அம்மாவின் மார்பில்தானே அந்த மைக் இருந்தது.

மத்தியான பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குக் கிளம்பினாள். ஏறுவதற்கு முன் லிடியாவைக் கூப்பிட்டுப் பேசினாள். லிடியாவுக்குப் பயம்தான், வேலை போய்விடும். ஆனாலும், அக்கா கூட வந்தால் வீடியோவை எடுத்துக்கொண்டு எந்த ஆபீசுக்கு வேண்டுமானாலும் வருவதாகச் சொன்னாள். மில்லில் பழைய கதவையே கழற்றிவிட்டார்கள் என்றும் சொன்னாள். புதுக் கதவு, புதுக் கொண்டி, புதுப் பெயிண்ட். வீடியோவை மட்டும் காட்டினால் அது வேறு ஏதோ பஸ் என்பார்கள், எப்போதோ எடுத்தது என்பார்கள். அம்மா கேட்டதும் இளங்கதிர் ஒப்புக்கொண்டதும் அவரவர் குரலிலேயே இருந்தால், அதை யாரும் தள்ள முடியாது. பஸ் வேடசந்தூரைத் தாண்டும்வரை பானு ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டாள்: அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்க வேண்டும்.

மாடியில் மணிமாறன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கட்டிலில் புதிய பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மதுரை அலுவலகத்தில் நிரந்தர வேலை கொடுத்திருக்கிறார்கள், மாதச் சம்பளம், அவளை நேரில் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தான் என்றான்.

அவள் உட்காரவில்லை.

“அம்மா வண்டியப் பாக்கச் சொல்லிருக்கு. அவரு போய்ப் பாத்துட்டு வாரேன்னு சொல்லிருக்காரு. அது மைக்குல இருந்துச்சா?”

இல்லை என்று உடனே சொல்லியிருந்தால் அவள் அப்போதும் நம்பியிருப்பாள். அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். சட்டைக் காலரை விரலால் நீவினான். சுருக்கமே இல்லாத காலர்.

“இருந்துச்சு” என்றான்.

“நீ கேட்டியா?”

“கேட்டேன்.”

பிறகு அவனாகவே சொன்னான். அன்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனவன், ரோட்டில் பைக்கை நிறுத்தி முழுவதையும் போட்டுக் கேட்டிருக்கிறான். அத்தை சொன்னது ஒரு எழுத்து விடாமல் தெளிவாக இருந்திருக்கிறது. சென்னைக்குப் போன் செய்திருக்கிறான். வண்டி, கதவு என்று போனால் மில்லிடம் விளக்கம் கேட்க வேண்டும், அதை யார் பார்ப்பார்கள், தலைவர் துக்க வீட்டில் வாரேன் என்றார் என்பதுதான் செய்தி, அதை மட்டும் கொடு என்றார்களாம். அத்தோடு, மதுரையில் ஒரு இடம் காலி என்றார்களாம்.

“வெட்டிக் குடுத்தது யாரு?”

அவன் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினான்.

“அவங்க கேட்டாங்க, சரி. போய்ப் பாத்துட்டுங்குறத எடுத்துப்புட்டு வாரேங்குறத மட்டும் விட்டது யாரு?”

“நாந்தான் பானு.”

கீழே சபிஹா அக்கா வீட்டில் குக்கர் விசிலடித்தது. அம்மா அந்த மைக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது பானுவுக்கு ஞாபகம் வந்தது. மறக்காமச் சொல்றேன் மாப்ள. மறக்காமல் சொல்லித்தான் இருக்கிறாள்.

“அந்த முழுப் பேச்சு இன்னும் உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டாள்.

மணிமாறன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். வேறு யாரும் இல்லாத அந்த அறையில் அவள் அவனை ‘உங்க’ என்றது அதுதான் முதல் தடவை.

“போன்ல இருக்கு.”

“எனக்கு அனுப்புங்க.”

“பானு, அது வெளிய வந்தா சேனல் பொய் சொல்லுச்சுன்னு ஆயிரும். என்கிட்ட இருந்துதான் போச்சுன்னு தெரியும். இந்த வேலையும் இல்ல, இனி எந்த வேலையும் இல்ல.” அருகில் வந்து அவள் கையைப் பிடித்தான். “தமிழு எனக்கும் வேண்டிய பிள்ளதான. மதுரைக்குப் போயி செத்த நிமிந்து ஒக்காந்துக்கிறேன். அப்புறம் நானே தமிழுக்காக ஒரு முழு நிகழ்ச்சி பண்றேன். இப்ப அத யாரும் பாக்க மாட்டாங்க.”

அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக இல்லை. அவன் நிஜமாகவே அப்படி நம்பினான். பிரியாணி இலையைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சிரித்தானே, அதே முகம்தான். அவள் அழுதுகொண்டே சொன்ன ஒன்று, பாதிக் காப்பி ஆறுவதற்குள் இந்த முகத்துக்குச் செய்தியாகிவிட்டது. இனி எதைச் சொன்னாலும் இந்தக் காதில் எங்கே வெட்டினால் ஓடும் என்றுதான் விழும். கல்லூரி வாசலில் பஸ் வரும்வரை பேசிப் பேசித் தீராமல் நின்ற அந்தப் பையனிடம் இனி அவளால் எதையும் சொல்ல முடியாது.

கையை விடுவித்துக்கொண்டாள். பீரோவைத் திறந்து இரண்டு சேலை எடுத்தாள். தமிழ்மதி பரிசாகக் கொடுத்த சின்னக் கைக்கடிகாரத்தை எடுத்தாள். பையில் வைத்தாள். அவன் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அத்த வீட்டுக்கா? நாலு நாள் இருந்துட்டு வா. நான் வந்து கூட்டிக்கிறேன்.”

நிலைப்படியைத் தாண்டிச் செருப்பை மாட்டினாள்.

“பானு, வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ.”

திரும்பிப் பார்க்காமல், பேசாமல் படியிறங்கினாள். துக்க வீட்டிலிருந்து அப்படித்தான் போக வேண்டும்.

கீழே சபிஹா அக்கா வாசலில் நின்றாள். கையில் பையையும் கலங்கிய முகத்தையும் பார்த்துவிட்டு, வேடசந்தூருக்கா என்று கேட்டாள். பானு தலையாட்டினாள். லிடியா வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பாள். அவன் அந்தப் பதிவைத் தராவிட்டாலும் வீடியோ இருக்கிறது, அம்மா இருக்கிறாள், அவள் வாய் இருக்கிறது. யாரும் கேட்காவிட்டால் கேட்கிறவரைக்கும் அம்மாவைச் சொல்லச் சொல்ல வேண்டியதுதான்.

“சாப்டியா புள்ள? செத்த இரு, ஒரு வாய் தின்னுட்டுப் போ” என்றாள் சபிஹா அக்கா.

“இல்லக்கா.” பானு கேட்டைத் திறந்தாள். மேலே மாடிக் கைப்பிடிச் சுவரில் அவன் வந்து நின்றது நிழலாகத் தெரிந்தது. “போறேன்க்கா.”

“அடியே, வாரேன்னு சொல்லு” என்று பதறினாள் சபிஹா அக்கா.

மாடியிலிருந்து யாரும் ஓடி வந்து அவளைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கவில்லை. பானு தெருவில் இறங்கி நடந்தாள்.